படத்தில் நின்ற நாலாவது ஆள்

1

போன வாரம் எங்கள் தெருவில் ஊதுவத்திக் கடை வைத்திருக்கும் சீன அம்மாள் என் மகளைத் துடைப்பத்தோடு துரத்தினாள். அடி விழவில்லை. அந்த அம்மாளுக்கு மூச்சு வாங்கும், என் மகளுக்குக் கால் நீளம். இது இரண்டு பேருக்கும் முன்பே தெரியும் என்பதால் துரத்தலில் ஒரு மரியாதை இருந்தது.

விஷயம் இதுதான். மல்லிகாவுக்குப் பள்ளிக்கூடத்துக் கட்டுரைப் போட்டியில் ஒரு பெட்டிக் கேமரா பரிசாகக் கிடைத்தது. நம் ஊராயிருந்தால் ஒரு சோப்பு டப்பாவோடு போயிருக்கும். பினாங்கில் பிள்ளைகளுக்கு ஆபத்தான பொருள்களைத்தான் பரிசாகக் கொடுக்கிறார்கள். வாங்கி வந்த அன்றே அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். அந்த அம்மாள் கடை வாசலில் உட்கார்ந்து, கிண்ணத்தை வாயருகே வைத்து, சேமியா போன்ற ஒன்றைக் குச்சியால் உள்ளே தள்ளிக்கொண்டிருந்த சமயம் பார்த்து எடுத்துவிட்டாள்.

"அப்பா, அந்த ஆன்ட்டி ரொம்ப மாரா" என்று இரைக்க இரைக்க வந்து நின்றாள். மாரா என்பது மலாய்க்காரர்களின் கோபம். என் மகள் கோபத்தை மலாயில் சொல்வாள், கணக்கை இங்கிலீஷில் போடுவாள், பசியை மட்டும் தமிழில் சொல்வாள். அந்த மட்டும் லாபம் என்று நானும் அவள் அம்மாவும் காலத்தை ஓட்டுகிறோம்.

"கேட்டுட்டு எடுத்தியா?" என்றேன்.

"கேட்டா சிலை மாதிரி உட்கார்ந்துடுவாங்கப்பா. அப்புறம் படம் நல்லா இருக்காது."

எனக்குச் சிரிப்பு வந்தது. இதே பேச்சை இவளுடைய தாய்மாமன் திருவொற்றியூரில் பேசியபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அவன் மூக்கு இவளுக்கு வந்திருப்பது பிறந்த அன்றே தெரிந்துவிட்டது. புத்தியும் வரும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை.

ஊரில் இப்போது கேமராவும் கையுமாகத் திரிகிற பிள்ளைகள் பெருகிவிட்டார்கள் என்று கேள்வி. அவர்கள் நன்மைக்காகவும், அவர்களிடம் மாட்டிக்கொள்கிறவர்கள் நன்மைக்காகவும் இதை எழுதுகிறேன்.

2

நான் ராயபுரத்துக்காரன். யுத்தம் முடிந்து கப்பல் ஓடத் தொடங்கியதும் பினாங்குக்கு வந்து, துறைமுகக் கிடங்கில் மூட்டை எண்ணும் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். மனைவி சரோஜா கைக்குழந்தையோடு திருவொற்றியூரில் தம்பி வீட்டில் இருந்தாள். தம்பி பெயர் கஜேந்திரன், எல்லோருக்கும் கஜா. தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை. கல்யாணம் ஆகவில்லை. ஆகாததற்குக் காரணம் இதைப் படித்து முடிக்கும்போது உங்களுக்கே விளங்கும்.

முதல் லீவில் ஊருக்குப் புறப்பட்டபோது எனக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. குடும்பத்தைப் பினாங்குக்கு அழைத்துவர பர்மிட் வாங்க வேண்டும். சட்டம் இறுகிக்கொண்டு வந்த காலம். மனைவி மனைவிதான், குழந்தை குழந்தைதான் என்பதற்கு இமிகிரேஷன் ஆபீஸ் அத்தாட்சி கேட்டது. மற்ற காகிதங்களோடு, குடும்பம் முழுவதும் சேர்ந்து நிற்கும் ஒரு போட்டோவும் வேண்டும் என்றார்கள். நான் போகும்போது மல்லிகா தவழ்ந்துகொண்டிருந்தாள். நான் லீவில் புறப்பட்டபோது அவளுக்கு நாலு வயது. "அப்பா எங்கே?" என்று கேட்டால் கடலைக் காட்டுகிறாள் என்று சரோஜா எழுதியிருந்தாள். அந்த வரியைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. எப்படியாவது அந்தப் போட்டோவை எடுத்துக் கொண்டுவந்து கொடுத்து, இவர்களை இங்கே சேர்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை.

மச்சினனுக்கு வெறுங்கையோடு போக முடியுமா? ஒரு பெட்டிக் கேமராவை வாங்கிப் போனேன்.

கஜா அதைப் பூப்போல வாங்கினான். அன்று சாயந்தரமே தெருக்குழாயடிக்குப் போய்விட்டான். அங்கே இரண்டு பெண்கள் குடத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இவன் பெட்டியை வயிற்றில் அணைத்துக்கொண்டு, அதன் தலையிலிருக்கும் சின்னக் கண்ணாடியைக் குனிந்து பார்த்தபடி, மெதுவாகப் பக்கத்தில் போயிருக்கிறான். முதலில் வயிற்று வலிக்காரன் என்று நினைத்திருக்கிறார்கள். விஷயம் புரிந்ததும் இரண்டு கட்சியும் ஒன்று சேர்ந்துவிட்டது. அந்தக் குழாயடியில் அதற்கு முன் அப்படியொரு ஒற்றுமை இருந்ததில்லை என்று சரோஜா சொன்னாள்.

நனைந்து வந்து நின்றவனிடம், "கேட்டுட்டு எடுக்கிறதுதானேப்பா?" என்றேன்.

"கேட்டா கல்லு மாரி நின்னுகினு இருப்பாங்க மாமா. படத்துல உசிரு இருக்காது" என்றான்.

3

இரண்டாம் நாள் விடியற்காலையில் என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு காத்திவாக்கத்துக்குப் போனான். கட்டுமரம் கடலில் இறங்குவதை எடுக்க வேண்டுமாம்.

மணலில் ஏழெட்டு மரங்கள் கிடந்தன. ஒன்றை மட்டும் நாலு பேர் அலைக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். முதல் அலை தாண்டுவதற்குள் நம்மவன் வயிற்றில் பெட்டியோடு ஓடினான். கண்ணாடியில் அவர்கள் முதுகுதான் தெரிந்திருக்கும் போலிருக்கிறது.

"ஏ நைனா, எங்க போறீங்க? கொஞ்சம் இப்டித் திரும்பு" என்று கத்தினான்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடைக்குப் போகிறவனையே நம் ஊரில் எங்கே என்று கேட்க மாட்டார்கள். கடலுக்குப் போகிறவனை, அதுவும் மரம் தண்ணீரில் இறங்கும் நேரத்தில் கேட்கலாமா? கஜாவுக்கு இது தெரியாததல்ல. அவன் பிறந்து வளர்ந்த இடத்துக்கு நாலு மைல் தள்ளித்தான் இந்தக் கரை இருக்கிறது. ஆனால் கையில் கேமரா வந்ததும் உள்ளூர்க்காரன் வெளியூர்க்காரனாகிவிட்டான்.

நாலு பேரும் தள்ளுவதை நிறுத்தினார்கள். மரத்தை மறுபடி மணலுக்கு இழுத்துப் போட்டார்கள். அன்றைய கடல் அவர்களுக்கு முடிந்துவிட்டது. இப்போது கஜாவுக்கு உதை விழும், பிறகு எனக்கும் விழும், நான் பினாங்குக்குக் கையில் கட்டோடுதான் போவேன் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டேன். அவர்கள் உதைக்கவில்லை. கஜாவைச் சுற்றி வட்டமாக மணலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"இன்னா நைனா, ஏன் திரும்பிட்டீங்க?" என்றான் கஜா, குரல் பாதியாக.

அவர்களில் மூத்தவன் ஏழுமலை. "நீ எங்களப் பாத்த இல்ல?" என்றான்.

"ஆமா."

"இப்ப நாங்க உன்னப் பாக்குறோம். நில்லு."

"எவ்ளோ நேரம்?"

"எவ்ளோ நேரம் பாப்பேன்னு நீ எங்களாண்ட சொன்னியா?"

நின்றான். பார்த்தார்கள். வலை பின்னிக்கொண்டிருந்தவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். எதுவும் செய்யாமல் ஒரு மனிதனைப் பத்துப் பதினைந்து பேர் சும்மா பார்ப்பது என்ன பாடு என்று அன்றுதான் கண்டேன். முதலில் கஜா சிரித்தான். பிறகு வேட்டியைச் சரி செய்தான். பிறகு கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முன்னால் கட்டினான், பின்னால் கட்டினான், கடைசியில் கேமராவையே கட்டிக்கொண்டான்.

"மூக்கு கொஞ்சம் கோணலா கீது இல்ல?" என்றார் ஒருவர்.

"வாயத் தொறந்துகினு நிக்கிறான் பாரு. மூடச் சொல்லு."

"வேணாம், அப்டியே வுடு. கல்லு மாரி நின்னா நல்லா இருக்காது."

கஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏழுமலை எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு, "போதும்பா, படம் வந்துச்சு" என்றான். எல்லோரும் எழுந்து போனார்கள். திரும்பும் வழியெல்லாம் கஜா சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே வந்தான்.

4

மறுநாள் எங்கள் குடும்பப் படம்.

ராயபுரத்தில் ஸ்டூடியோ இருந்தது. பின்னால் அரண்மனைப் படிக்கட்டும் அன்னப்பறவையும் வரைந்த திரை தொங்கும். அங்கே போய் ஒழுங்காக எடுத்திருக்கலாம். ஆனால் மச்சினன் கையில் கேமராவைக் கொடுத்துவிட்டு, நம் படத்தை வேறொருவனிடம் எடுப்பதா? கடற்கரையில் மானம் போய் வந்தவனை வீட்டிலும் அவமானப்படுத்தியது போலாகும். "அவனே எடுக்கட்டும்" என்றாள் சரோஜா. அவள் குரலில் பயம் இருந்தது. ஆனாலும் சொன்னாள்.

கொல்லைப்பக்கம் சுவரோரமாக வெயில் பார்த்து நின்றோம். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் சரோஜா, நடுவில் மல்லிகா. கஜா வயிற்றைப் பார்த்துக் குனிந்தான்.

"அய்ய, நிறுத்து" என்று வேலிப்பக்கமிருந்து குரல் வந்தது.

இறால் கூடையோடு அஞ்சலை. காத்திவாக்கம் உப்பங்கழியில் இறால் பிடித்துத் திருவொற்றியூர் தெருக்களில் விற்கிறவள். சரோஜாவுக்கு வாடிக்கை.

"மூணு பேரா நின்னு படம் புடிப்பாங்களா? நடுவுல நிக்கிறது ஆவாதுன்னு தெரியாதா? அதும் கொயந்த நின்னுகினு கீது."

சரோஜா குழந்தையை வெடுக்கென்று இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. துறைமுகத்தில் வேலை, தினம் பத்திரிகை படிக்கிற ஆள். ஆனால் உண்மையா பொய்யா என்று பரிசோதித்துப் பார்க்க என் குழந்தையைக் கொடுக்கும் அளவுக்கு நான் முற்போக்கானவனும் இல்லை. சரோஜாவின் முகத்தைப் பார்த்தேன். இனி மூன்று பேராக நிற்க மாட்டாள் என்று தெரிந்துவிட்டது.

"அப்போ நீயே வந்து நில்லு" என்றான் கஜா, தலை நிமிராமல்.

அஞ்சலை கூடையை இறக்கி வைத்தாள். "நீயே வந்து நில்லுன்னா? நான் இன்னா முட்டுக்கட்டையா? கூப்டுறதா இருந்தா ஒயுங்காக் கூப்டு."

"அக்கா, கொஞ்சம் தயவு பண்ணி நில்லுக்கா."

"நேத்து கட்டுமரத்தாண்ட இந்தத் தயவு எங்க போச்சு?"

அவள் ஏழுமலையின் பெண்டாட்டி என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கஜா கேமராவைக் கீழே வைத்துவிட்டான். சரோஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அஞ்சலை மல்லிகாவின் முகத்தை ஒரு முறை பார்த்தாள், இறங்கி வந்தாள், ஆனால் சும்மா வரவில்லை.

"இந்தக் கூடை படத்துல வரக் கூடாது. கூடையோட என்னத் தெனம் பாத்துகினுதான் கீறாங்க."

"சரிக்கா."

"மூஞ்சி கழுவிகினு வர்ற வரைக்கும் நிக்கணும். சரோசா, ஒரு நல்ல பொடவ குடு."

"வாங்கக்கா."

"எனக்கு ஒரு படம் வோணும். நாளைக்கி, நாளான்னிக்கின்னு இழுக்கக் கூடாது."

"கண்டிப்பா தரேன்க்கா" என்றான் கஜா. வாக்குக் கொடுப்பதில் அவனுக்கு ஈடு கிடையாது.

உள்ளே போனவள் வெளியே வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. சரோஜா கொடுத்தது தன் கல்யாணத்து மறுவீட்டில் கட்டிய பட்டு. அதற்குப் பிறகு அவள் அதைக் கட்டி நான் பார்த்ததே இல்லை, பத்திரப்படுத்தி வைத்திருந்தாள். இப்போது சரோஜா உடம்பில் சாதாரண வாயில் புடவை, அஞ்சலையின் உடம்பில் பட்டு. குழந்தையை இடுப்பில் வைத்தபடி சரோஜா என் இடப்பக்கம் நின்றாள். அஞ்சலை என் வலப்பக்கம் வந்து நிமிர்ந்து நின்றாள். கஜா கேட்டான், "எடுக்கட்டுமாக்கா?" அஞ்சலை தலையசைத்த பிறகுதான் எடுத்தான்.

அந்தச் சுருளைக் கழுவிய ராயபுரம் ஸ்டூடியோக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஆறுதல் சொன்னார். ஒரு படத்தில் கஜாவின் கட்டைவிரல், இரண்டில் வெறும் வானம், மற்றதில் தலை இல்லாத மனிதர்கள். கொல்லையில் எடுத்தது ஒன்றுதான் தேறியது. அதிலும் நான் கண்ணை மூடியிருந்தேன், சரோஜா குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், மல்லிகா கையை ஆட்டியதில் அவளுக்கு மூன்று கை. அஞ்சலை மட்டும் ராணியாட்டம் நின்றாள். அவளுக்குத் துணையாக நாங்கள் வந்தது போல இருந்தது.

மறுபடி எடுக்க நாள் இல்லை. கப்பல் ஏறிவிட்டேன்.

5

இமிகிரேஷன் ஆபீஸில் வெள்ளைக்காரத் துரை படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு படத்தை. காத்திவாக்கம் மணலில் கஜா நின்ற மாதிரி நான் நின்றேன். கையை எங்கே வைப்பது என்று எனக்கும் தெரியவில்லை.

"மனுவில் ஒரு மனைவி என்று எழுதியிருக்கிறாய். படத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள்" என்றார்.

"ஒருத்திதான் சார் மனைவி."

"எவள்?"

வாயில் புடவையைக் காட்டினேன். அவர் பட்டுப் புடவையைப் பார்த்தார். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"அப்படியானால் இவள் யார்?"

அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் கிடங்குக்கே திரும்பிப் போய்விட்டது. மூட்டை, பீப்பாய், சேதாரம் என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. மூன்று பேர் நிற்கக் கூடாது என்பதைத் துரையிடம் சொல்ல வெட்கமாகவும் இருந்தது. "இவள் மீன், சார். மீன் மட்டும்தான்" என்று சொல்லிவிட்டேன். அவர் எதையோ எழுதிக்கொண்டார். பைத்தியம் என்று எழுதியிருந்தால் பாதகமில்லை. ரெண்டு பெண்டாட்டிக்காரன் என்று எழுதியிருந்தால்தான் ஆபத்து.

நீ, உன் மனைவி, உன் குழந்தை, இவர்கள் மட்டும் உள்ள படம் வேண்டும், வருஷக் கடைசிக்குள் வராவிட்டால் மனு தள்ளுபடி என்று சொல்லி, படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான் இங்கே, அவர்கள் அங்கே. சேர்ந்து நிற்க அடுத்த லீவு வரவேண்டும். அதற்கு இன்னும் மூன்று வருஷம். அதற்குள் சட்டம் இன்னும் எவ்வளவு இறுகுமோ, மகள் இன்னும் எத்தனை முறை கடலைக் காட்டுவாளோ. அறைக்கு வந்து பாயில் விழுந்தேன். அழுதேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

விஷயத்தை ஊருக்கு எழுதியதற்குக் கஜாவிடமிருந்து யோசனை வந்தது. "மாமா, இதுக்கா கவலைப்படுறீங்க? அஞ்சலக்கா ஓரத்துலதான் நிக்கிறாங்க. கத்தரிக்கோலால ஒரே நறுக்கு. ஜோலி முடிஞ்சுது." எழுதும்போதும் அவன் பேசுகிற மாதிரியே எழுதுவான்.

கத்தரிக்கோல் இரவல் வாங்கி வந்தேன். நறுக்குவதற்கு முன் சரோஜாவுக்கு ஒரு வரி எழுதிவிடுவோம் என்று தோன்றியது. பெண்டாட்டியைக் கேட்காமல் செய்த காரியங்களின் பலனை நான் அதற்குள் கொஞ்சம் அனுபவித்திருந்தேன்.

6

சரோஜாவின் பதிலில் பாதி அவள் சொன்னது, பாதி அஞ்சலை பக்கத்தில் நின்று சொல்லச் சொன்னது. படிக்கும்போது இரண்டு குரலும் எனக்குத் தனித்தனியாகக் கேட்டன.

அஞ்சலை சொன்னது: "உசிரோட கீற பொம்பளைய நறுக்குவியான்னு உன் வூட்டுக்காரரக் கேளு. கொயந்தைக்கி ஆவாதுன்னுதானே வந்து நின்னேன்? நானா வந்து நின்னேனா, கூப்டு நின்னேனா? இன்னும் எனக்குப் படமும் வந்து சேரல. படத்தயும் குடுக்க மாட்டாங்க, ஆளயும் நறுக்குவாங்களா? இன்னா நாயம் இது?"

சரோஜா சொன்னது: "அந்தக்காவ வெட்டினா மிச்சம் நாம மூணு பேர்தானே? அதுக்கா அவங்கள நிறுத்தினோம்? எனக்கும் உங்களோட வந்து இருக்கணும்னுதான் இருக்கு. அதுக்காக வெட்டின படத்தைக் காட்டி வர மாட்டேன். வேற வழி பாருங்க."

வேற வழி பாருங்க என்று பெண்கள் சொன்னால், வழி இருக்கிறது, நீ இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம். கத்தரிக்கோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வருஷக் கடைசி நெருங்கியதும் அதே படத்தை எடுத்துக்கொண்டு, இந்த முறை வெட்கத்தை விட்டு உள்ளது உள்ளபடி சொல்லிவிடுவது, துரை சிரித்தால் சிரிக்கட்டும் என்று கிளம்பினேன்.

7

துரை உள்ளே இருந்தார். முன் மேஜையில் ஒரு சீனக் குமாஸ்தா. வழுக்கை, தங்கப்பல், மூக்கு நுனியில் கண்ணாடி. மனுவைப் புரட்டினார். படத்தை எடுத்தார். நான் தயாரித்து வைத்திருந்த இங்கிலீஷ் வாக்கியத்தை மனதுக்குள் ஓட்டிக்கொண்டு நின்றேன்.

அவர் விரலை வைத்து எண்ணினார். என்னைத் தொட்டார், சரோஜாவை, குழந்தையை. விரல் பட்டுப் புடவைக்குப் போய் நின்றது. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். தங்கப்பல் தெரிந்தது.

"மூணு கூடாது. அதானே?" என்றார் சந்தை மலாயில்.

நான் தலையை ஆட்டினேன்.

"நடுவில் நிற்கிற ஆள் போய்விடும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். நான், மனைவி, பையன். மூணு பேர். என் மனைவி ஒப்பவில்லை. பூனையைத் தூக்கிக் கையில் கொடுத்த பிறகுதான் நின்றாள்." சிரித்துக்கொண்டே படத்தை இன்னொரு முறை பார்த்தார். "உன் பூனை ரொம்ப நல்ல புடவை கட்டியிருக்கிறது."

அந்த ஆபீஸில் நின்றுகொண்டு நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். பினாங்குக்கு வந்து இத்தனை வருஷத்தில், நான் எதையும் விளக்காமல் ஒருவர் என்னைப் புரிந்துகொண்டது அதுதான் முதல் தடவை. பாஷை வேறு, சாமி வேறு, சாப்பாடு வேறு. பயம் மட்டும் ஒன்றாக இருந்தது.

"துரைக்குச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம். மூணு பேர் கதை அவருக்குப் புரியாது. அவருக்குப் புரிகிற வார்த்தையாகப் போடுவோம். இந்த அம்மா உங்கள் மூணு பேரையும் சேர்த்துப் பார்த்தார்களா, இல்லையா?"

"பார்த்தார்கள்."

"நீங்கள் ஒரு குடும்பம் என்று தெரியுமா?"

"தெரியும்."

படத்தின் பின்னால் பட்டுப் புடவைக்கு நேராக 'சாட்சி' என்று இங்கிலீஷில் எழுதிக்கொண்டு உள்ளே போனார். வெளியே வரும்போது மனுவில் கையெழுத்து வாங்கியிருந்தார், படத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். சாட்சியோடு நிற்கும் குடும்பப் படத்தைத் துரை இதற்கு முன் பார்த்ததில்லையாம், ரொம்ப திருப்தியாம்.

நான் கும்பிட்டுவிட்டுத் திரும்பியபோது, "அந்த அம்மாவுக்குப் படம் கொடுத்தாயிற்றா?" என்று கேட்டார்.

மச்சினன் தருவதாகச் சொல்லியிருக்கிறான் என்றேன்.

"மச்சினனை நம்பாதே. சாட்சியைக் கோபப்படுத்தக் கூடாது" என்றார். எல்லா ஜாதியிலும் மச்சினன் மச்சினன்தான் போலிருக்கிறது.

8

அஞ்சலைக்குப் படம் போய்ச் சேராமல் சரோஜாவும் குழந்தையும் கப்பல் ஏறக் கூடாது என்று கண்டிப்பாக எழுதினேன். கஜா ஸ்டூடியோக்காரரிடம் கெஞ்சி, கொஞ்சம் பெரிதாகவே போட்டு வாங்கி, காத்திவாக்கத்துக்கு எடுத்துப் போனான். அன்று கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனான் என்று சரோஜா சொன்னாள். கரையில் எல்லோர் கையிலும் படம் போய் வந்தது. ஏழுமலை நெடுநேரம் பார்த்துவிட்டு, "சோக்கா கீது. பக்கத்துல மூணு பேர் நிக்கிறாங்களே, யாரு?" என்று கேட்டானாம்.

சரோஜா வந்தாள். மல்லிகா வந்தாள். துறைமுகத்தில் என்னைக் கண்டதும் மல்லிகா அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். கடலைக் காட்டிய பிள்ளைக்கு ஆள் பிடிபட ஒரு வாரமானது. அந்த வாரம் முழுதும் நான் கொடுத்த மிட்டாய்க்குக் கணக்கில்லை.

சாட்சி என்று பின்னால் எழுதிய படம் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அஞ்சலையைத்தான் கேட்பார்கள். மல்லிகா பள்ளிக்கூடத்தில் அவளைப் பெரியம்மா என்று சொல்லி வைத்திருக்கிறாள். நாங்கள் திருத்தவில்லை.

அடுத்த லீவில் குடும்பத்தோடு ஊருக்குப் போனபோது அஞ்சலை வீட்டுக்குப் போனோம். உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவரில் கண்ணாடி போட்ட படம். பட்டுப் புடவையில் அஞ்சலை. தனியாக.

நான் சரோஜாவைப் பார்த்தேன். சரோஜா என்னைப் பார்த்தாள். எங்கள் மூன்று பேரையும் காணவில்லை. எனக்குச் சுருக்கென்றது.

"இன்னாக்கா, எங்கள நறுக்கிட்டீங்களா?" என்று கேட்டேவிட்டாள் சரோஜா.

"அய்ய, நறுக்குவனா? நல்லாக் கேட்ட போ." அஞ்சலை படத்தை ஆணியிலிருந்து எடுத்தாள், பின்பக்க அட்டையைக் கழற்றினாள், மடிப்பை விரித்தாள். நாங்கள் உள்ளே பத்திரமாக இருந்தோம். நான் கண்ணை மூடிக்கொண்டு, மல்லிகா மூன்று கையோடு. "மடிச்சித்தான் வெச்சிகினு கீறேன். வூட்டுக்கு வர்றவன் போறவனெல்லாம் இது யாரு, அது யாருன்னு கேட்டுகினே கீறான். உங்க கதையச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள என் கூடையில கீற இறால் கெட்டுப்பூடுது. பேஜாரு."

மறுபடி எங்களை மடித்து, அட்டையை மூடி, ஆணியில் மாட்டினாள். தேநீர் கொடுத்தாள். புறப்படும்போது எங்கே, எப்போது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "போய்ட்டு வாங்க" என்றாள்.

9

இனி ஊதுவத்திக் கடைக்கு வருகிறேன்.

துடைப்பம் ஓய்ந்த பிறகு மல்லிகாவிடம் சொன்னேன், "கேமராவை இங்க வச்சிட்டுப் போ. அந்த அம்மாவுக்கு எதிரே உட்காரு. அவங்க உன்னைப் பார்க்கட்டும். போதும்னு அவங்க சொல்ற வரைக்கும் எழுந்திருக்காதே."

"அதுல என்னப்பா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டு போனாள். நான் வாசலில் பத்திரிகையை விரித்து, அதன் ஓரமாகப் பார்த்தேன். அந்த அம்மாள் மறுபடி சாப்பிட உட்கார்ந்திருந்தாள். கிண்ணத்துக்கு மேலாக இவளைப் பார்த்தாள். மல்லிகா சிரித்தாள், ஜடையைப் பின்னால் போட்டாள், முன்னால் போட்டாள், கையைக் கட்டினாள், அவிழ்த்தாள். அவள் தாய்மாமன் அங்கே உட்கார்ந்திருந்தது போலவே இருந்தது. கடைசியில் அந்த அம்மாள் குச்சியால் இவள் மூக்கைச் சுட்டிக் காட்டி என்னவோ சொல்லி, வயிறு குலுங்கச் சிரித்தாள். மல்லிகாவும் சிரித்துவிட்டாள்.

நேற்றுக் காலை அந்த அம்மாள் தலை வாரி, பூப்போட்ட சட்டை போட்டு, புருஷனையும் வளர்ந்த பையனையும் கடை வாசலுக்கு இழுத்து வந்து நிறுத்தினாள். மல்லிகாவைக் கையசைத்துக் கூப்பிட்டாள். மல்லிகா போய் நின்று, வயிற்றைப் பார்த்துக் குனிந்து, "எடுக்கட்டுமா ஆன்ட்டி?" என்று மலாயில் கேட்டாள். அந்த அம்மாள் தலையசைக்கப் போனவள், இரண்டு பக்கமும் பார்த்து, விரலை மடக்கி எண்ணி, கையைத் தூக்கித் தடுத்தாள்.

மூன்று பேர். நடுவில் பையன்.

பூனை இருக்கிறதா என்று தேடினார்கள். எங்கள் தெருவில் பூனைக்குப் பஞ்சம் இல்லை, ஆனால் அந்த நேரத்துக்கு ஒன்றும் அகப்படவில்லை. அந்த அம்மாளின் கண் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, வாசலில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த என் மேல் வந்து நின்றது.

"நீ வா" என்றாள்.

ஒழுங்காகக் கூப்பிடு என்று சொல்லலாமா என்று யோசித்தேன். துடைப்பம் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தது. உள்ளே போய் முகம் கழுவி, நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு வந்து, அந்த அம்மாளின் புருஷன் பக்கத்தில் ஓரமாக நின்றேன். சரோஜா ஜன்னலிலிருந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, எனக்கு ஒரு படம் வேணும்" என்றேன் எனக்குத் தெரிந்த மலாயில். மகளிடம், "நாளைக்கு, நாளன்னைக்குன்னு இழுக்கக் கூடாது" என்று தமிழில் சொன்னேன். இந்த முறை நான் கண்ணை மூடவில்லை.

படம் இன்னும் கழுவி வரவில்லை. வந்ததும் அவர்கள் கடைச் சுவரில் மாட்டுவார்கள். கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஓரத்தில் நிற்கிற இந்தக் கறுப்பு ஆள் யார் என்று கேட்பார்கள். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் என்னை மடித்துவிடக்கூடும்.

மடிக்கட்டும். நறுக்காமல் இருந்தால் சரி.